குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொன்னபோது என்ன நடந்தது? உங்கள் அனுபவம்

மதுரை மாடிவீடு:
ஐந்து மாத வாடகை பாக்கி. கேட்டால் ‘அடுத்த வாரம் சார்’ என்பதோடு சரி. ஒரு நாள் கோபத்தில் மாடிக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடிவிட்டேன். மறுநாள் காலை அந்த வீட்டுப் பாட்டி பிளாஸ்டிக் குடத்தோடு இறங்கி வந்தார். சண்டை போடவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. எங்கள் சமையலறை வாசலில் குடத்தை வைத்துவிட்டு நின்றார். என் மனைவி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் குடத்தை நிரப்பி, மாடிவரை தானே தூக்கிக்கொண்டு போனாள். படியெல்லாம் தண்ணீர் சிந்தியிருந்தது. அன்றே வால்வைத் திறந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அவர்கள் போய்விட்டார்கள், பாக்கியில் பாதி வரவில்லை. அது போகட்டும். அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அம்பத்தூர் மகள்:
நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் ஓனர் என்றாலே பணக்காரர் என்பதுபோல் சிலர் பேசுவதை ஏற்க முடியாது. எங்கள் அம்மாவுக்கு மருந்துச் செலவே அந்த வாடகைதான். காலி செய்யச் சொன்னதும் குடியிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, ‘அக்ரிமென்ட் எங்கே?’ 11 மாதத்துக்கு எழுதியது, அப்புறம் புதுப்பிக்கவே இல்லை. அம்மா பீரோவில் புடவைகளுக்கு அடியில் அந்த இருபது ரூபாய் பத்திரத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். குடியிருந்தவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திருச்சி வாசகன்:
அம்பத்தூர் சகோதரி, எழுத்து இல்லை என்பதால் அவர் நிரந்தரமாக இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017 சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாததையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். பாக்கி இரண்டு மாதத்துக்கு இருந்தால் முதலில் நோட்டீஸ். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. கட்டாவிட்டால் மனு போடலாம். மதுரை நண்பர் செய்தது மட்டும் கூடவே கூடாது. தண்ணீர், கரண்ட் எதையும் நிறுத்த அந்தச் சட்டத்தின் 20வது பிரிவு இடம் தரவில்லை. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போனால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும், உங்கள் நியாயமும் அடிபட்டுப்போகும். பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது, தெரிந்த போலீஸ்காரரை விட்டு மிரட்டுவது எதுவும் வேண்டாம். வாடகையை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். என் கதை சின்னது. நான் ரொக்கமாக வாங்கி ரசீது கொடுக்காமல் விட்டேன், எட்டு மாதப் பாக்கியை நிரூபிக்க முடியவில்லை.

வாடகை வீட்டுக்காரி:
நான் மறுபக்கம். மகள் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்று ஓனர் மூன்று மாதம் முன்பே சொன்னார். அதுவும் பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து. லாரியில் சாமான் ஏறும்போதே அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார், ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் பணம் பிடிக்கவில்லை. மதுரை சார், அந்தப் பாட்டி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?

மதுரை மாடிவீடு:
திருமங்கலம் பக்கம் என்றார்கள். நம்பர் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.