டவர் வைத்த கெக் ஃபிரிட்ஜில் ஓயாத நுரை: அழுத்தத்தைக் குறைத்தும் தீரவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கிறேன். விற்பனைக்கன்றிச் சொந்த உபயோகத்திற்காக, ஒரு குடும்பம் மாதத்திற்கு 30 லிட்டர் வரை பீர் காய்ச்சிக்கொள்ள இங்கே உரிமம் தேவையில்லை. ஆகவே ஒரு மாதம் ஒரு வகை, அடுத்த மாதம் வேறொரு வகை என்று காய்ச்சி, 19 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு கெக்குகளில் (அழுத்தம் தாங்கும் உலோக உருளைகளில்) நிரப்பி வைத்திருக்கிறேன். புட்டிகளில் அடைக்கும் வேலையைத் தவிர்ப்பதற்காக, உறைபெட்டி இல்லாத பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, தட்டுகளைக் கழற்றிவிட்டு, அதன் மேற்பலகையில் துளையிட்டு இரட்டை டேப் (பீர் பிடிக்கும் திறப்பு) கொண்ட டவர் ஒன்றை, அதாவது பீர்க் குழாய்கள் ஏறிச்செல்லும் உலோகத் தூண் ஒன்றைப் பொருத்தினேன். கரியமில வாயு சிலிண்டரும் அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் உள்ளேயே இருக்கின்றன. வெளியே இணைத்த வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியில் 4 டிகிரி செல்சியஸ் என்று அமைத்திருக்கிறேன். அதன் உணரி பெட்டியின் நடுவில் காற்றில் தொங்குகிறது.

முதல் கெக்கில் பேல் ஏல் என்னும் வெளிர்நிற பீர், இரண்டாவதில் ஸ்டவுட் என்னும் கரிய பீர். இரண்டையும் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்திற்கு 12 பவுண்டு) அழுத்தத்தில் இரண்டு வாரம் வைத்து வாயு ஏற்றினேன். பேல் ஏல், நீரை 1 எனக் கொண்ட அளவில், 1.050 அடர்த்தியில் தொடங்கி 1.011-இல் நொதித்து முடிந்தது. பல நாள்கள் அந்த அளவு மாறாமல் நின்ற பிறகே கெக்கில் மாற்றினேன் என்பதால், கெக்குக்குள் நொதித்தல் தொடர்கிறது என்று கருதவில்லை. ஆனால் முதல் டேப்பில் மாலையில் பிடிக்கும் முதல் குவளை முழுவதும் நுரையாகவே வருகிறது. இரண்டாவது குவளை ஓரளவு பரவாயில்லை, மூன்றாவது நன்றாக இருக்கிறது. இரண்டாவது டேப்பிலோ எத்தனை குவளை பிடித்தாலும் இருமுவதைப் போல விட்டுவிட்டு, நுரையாகவே கொட்டுகிறது. அழுத்தத்தை 5 பிஎஸ்ஐக்குக் குறைத்துப் பார்த்தேன். அன்று மாலை சற்றுத் தணிந்தது. ஆனால் சில நாள்களில் நுரை பழையபடி திரும்பியதோடு, குவளையில் எஞ்சும் பீர் காரம் செத்துச் சப்பென்று ஆகிவிட்டது. குழாய்கள் டவருடன் வந்தவை: உள்விட்டம் 5 மில்லிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர். எதை முதலில் மாற்றுவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மெல்பர்னிலிருந்து, வீட்டில் பீர் காய்ச்சுபவர்

முதலில் அழுத்தத்தை மீண்டும் 12 பிஎஸ்ஐக்கு உயர்த்திவிடுங்கள். அதன் பிறகு, காரணம் தெளிவாகும் வரை அதைத் தொடாதீர்கள். நுரை வந்தவுடன் எல்லோருடைய கையும் ரெகுலேட்டரை நோக்கிப் போவது இயல்புதான், ஆனால் நீங்கள் கண்ட விளைவே அது தவறான இடம் என்பதைக் காட்டுகிறது. 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தின் கீழ் இருக்கும் பீர், தன் பருமனைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். அதை 5 பிஎஸ்ஐக்கு இறக்கினால், அந்த அழுத்தத்தில் சுமார் 1.9 மடங்கு வாயு மட்டுமே கரைந்து நிற்க முடியும் என்பதால், மிகுதி வாயு கெக்கிலும் குழாயிலும் மெல்லமெல்ல வெளியேறத் தொடங்குகிறது. குழாயில் வெளியேறிய வாயு அங்கங்கே இடைவெளிகளாகத் தேங்கி, டேப்பைத் திறந்ததும் பீரைக் கலக்கி நுரையாக்குகிறது. கெக்கில் வெளியேறியதோ பீரைச் சப்பென்று ஆக்குகிறது.

நான் சந்தேகப்படுவது உங்கள் டவரை. டேப்பும் குழாயின் கடைசிப் பகுதியும் ஃபிரிட்ஜுக்கு வெளியே, உங்கள் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் பகல் முழுவதும் நிற்கின்றன. அதே இரண்டரை மடங்கு வாயு 12 டிகிரியில் கரைந்து நிற்க ஏறத்தாழ 20 பிஎஸ்ஐ வேண்டும். 20 டிகிரியில் 29 பிஎஸ்ஐ வேண்டும். உங்கள் ரெகுலேட்டர் தருவது 12 மட்டுமே. ஆகவே டவருக்குள் நிற்கும் பீரிலிருந்து வாயு பிரிவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பகுதியில் நிற்கும் பீரின் அளவு மிகச் சிறிது. 5 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு 20 மில்லிலிட்டர்தான் கொள்ளும். ஆனால் அந்தச் சிறிய அளவு கிளப்பும் குமிழிகளும், பித்தளையோ எஃகோ ஆன டேப்பின் வெப்பமும் பின்னால் வரும் குளிர்ந்த பீரையும் நுரைக்க வைத்துவிடுகின்றன. முதல் டேப்பில் மூன்றாவது குவளை சீராக வருவதற்குக் காரணம், அதற்குள் டேப் குளிர்ந்துவிடுவதுதான்.

குழாயின் நீளமும் போதாது. பீரின் ஓட்டத்திற்குக் குழாய் தரும் தடை ஓர் அடிக்கு 3 பிஎஸ்ஐ என்று கணக்கிட்டு, நான்கைந்து அடி போதும் என்று சொல்லும் அட்டவணைகள், விநாடிக்கு 60 மில்லிலிட்டர் பாயும் மதுக்கூட வேகத்தை மனத்தில் கொண்டவை. வீட்டில் அந்த வேகம் தேவையில்லை. 12 பிஎஸ்ஐக்கு மூன்று மீட்டர் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். குவளை நிறையச் சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவே. அதிகமானால் பின்னர் வெட்டிக்கொள்ளலாம், குறைவானதை நீட்ட முடியாது.

மறுமொழி: சிங்கப்பூரிலிருந்து, ஏர்கான் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்

மேலே சொன்னவர் கூறும் காரணத்தை நானும் ஏற்கிறேன். ஆயினும் எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள், தம்பி. டேப்புகளை நான்கைந்து மணி நேரம் தொடாமல் விட்டு, பனிநீரில் அலசிய குவளையில் முதல் பீரைப் பிடித்து உடனே வெப்பமானியை வையுங்கள். பிறகு அதே குவளையை மறுபடி பனிநீரில் அலசி மூன்றாவது குவளையையும் அளவிடுங்கள். குவளையைக் குளிர்விக்காமல் அளந்தால், கண்ணாடியின் வெப்பம் கணக்கைக் கெடுத்துவிடும். இரவில் ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பெட்டியின் அடியிலும் இன்னொன்றை மேலேயும் வைத்து, காலையில் இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்விசிறி இல்லாத பழைய பெட்டிகளில் குளிர்ந்த காற்று அடியில் படிந்துவிடும்.

உணரியைக் காற்றில் தொங்கவிடுவதும் சரியல்ல. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது சூடேறி கம்ப்ரஸரை இயக்கும். மூடியதும் சீக்கிரம் குளிர்ந்து நிறுத்திவிடும். அடிக்கடி ஓடி நிற்பதைப் போல கம்ப்ரஸருக்குக் கேடு வேறில்லை. உணரியைக் கெக்கின் பக்கத்தில், பீர் மட்டத்திற்குக் கீழே ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டு நுரைப் பஞ்சை வைத்துக் கட்டுங்கள். கருவியில், கம்ப்ரஸர் ஓடத் தொடங்குவதற்கும் நிற்பதற்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடும், மூன்று நிமிடத்திற்குக் குறையாத கம்ப்ரஸர் தாமதமும் அமையுங்கள்.

தொழில்முறையில் ஒரு கேள்வி: மேற்பலகையில் துளையிடும் முன், உள்ளே குளிர்பதனக் குழாய்கள் ஓடவில்லை என்பதை எப்படி உறுதிசெய்தீர்கள்? இதைப் படித்துவிட்டு வேறொருவர் துளையிடப் போகலாம் என்பதால் கேட்கிறேன்.

கேட்டவர்

சோளமாவை ஆல்கஹாலில் நீர்க்கக் கரைத்து மேற்பலகையின் வெளிப்புறத்தில் பூசி, கம்ப்ரஸரை ஓடவிட்டேன். தகட்டுக்கு அடியில் சூடான குழாய் ஓடினால், அந்தக் கோட்டில் மட்டும் மாவு முதலில் உலர்ந்து வெண்மையாகத் தெரியும். மேற்பலகை முழுவதும் ஒரே சீராக உலர்ந்தது; பக்கச் சுவர்களிலோ கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அதன் பிறகும் முதலில் வெளித்தகட்டை மட்டும் வெட்டி, உள்ளிருந்த நுரைக் காப்பைக் கையால் அகற்றிப் பார்த்தபின்தான் உள்பலகையைத் துளையிட்டேன்.

நீங்கள் சொன்னபடி அளந்துவிட்டேன். முதல் டேப்பில் முதல் குவளை 13 டிகிரி, மூன்றாவது குவளை 6 டிகிரி. அடியில் வைத்த போத்தல் 3 டிகிரி, மேலே வைத்தது 8 டிகிரி. இரண்டாவது டேப்பில் அளவுகள் ஏறத்தாழ இவையே, ஆனால் மூன்றாவது குவளை 6 டிகிரியில் வந்தும் நுரை குறையவில்லை. அழுத்தத்தை 12-க்கு உயர்த்தி ஒரு வாரம் காத்திருந்துதான் இந்தச் சோதனையைச் செய்தேன்.

மறுமொழி: மெல்பர்னிலிருந்து

முதல் டேப்பின் கதை அளவுகளிலேயே முடிந்துவிட்டது. டவரைக் குளிர்வித்தால் போதும். இரண்டாவது டேப்பில் வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒரே ரெகுலேட்டர், ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை, ஒரே நீளம். இருந்தும் ஒன்று மட்டும் கெடுகிறது என்றால், கோளாறு அந்தக் கெக்குக்கே உரியது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, வேறொருவரை டேப்பைத் திறக்கச் சொல்லி, கெக்கின் வாயிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தைக் கைவிளக்கால் பாருங்கள். குழாயின் வழியில், மேலே போகப்போகக் குமிழிகள் தோன்றினால் அது வெப்பத்தால் பிரியும் வாயு. கெக்கை விட்டுக் கிளம்பும்போதே குமிழிகள் வந்தால், அவை கெக்கில் பீருக்கு மேலே வாயு நிற்கும் மேல்வெளியிலிருந்து நுழைகின்றன என்று பொருள்.

அது நிகழும் விதம் இதுதான். பீரை அடியிலிருந்து மேலே கொண்டுவரும் நீண்ட உள்குழாய், கெக்கின் வாயில் ஒரு சிறிய ஓ-ரிங்கின் (ரப்பர் வளையத்தின்) மேல் அமர்ந்திருக்கிறது. அந்த ரிங்கிற்கு வெளியே வாயு, உள்ளே பீர். பீர் அரை மீட்டருக்கு மேல் உயரம் ஏறி வருவதால், ரிங் இருக்கும் இடத்தில் அதன் அழுத்தம் வாயுவின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்திருக்கும்; டேப் திறந்து பீர் ஓடும்போது இன்னும் குறையும். ரிங்கில் ஒரு கீறல் இருந்தால் போதும், வாயு உள்ளே புகுந்து பீரோடு கலந்து வரும். இந்தக் கசிவு கெக்குக்கு உள்ளேயே நடப்பதால், வெளியே சோப்பு நீர் தடவித் தேடினால் அகப்படாது. பலர் மாதக்கணக்கில் குழாயையும் அழுத்தத்தையும் மாற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

கெக்கின் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே வாயைக் கழற்றுங்கள். இதில் அவசரம் கூடாது. பழைய ரிங்கை எடுத்துவிட்டு, உணவுக்குரிய மசகு தடவிய புதிய ரிங்கை இட்டு, கிருமிநீக்கிக் கரைசலில் நனைத்துப் பொருத்துங்கள்.

கேட்டவர்

குமிழிகள் கெக்கின் வாயிலிருந்தே கிளம்பின. ரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு பக்கம் தட்டையாகி, நகம் இறங்கும் அளவுக்கு வெட்டு இருந்தது. மாற்றிய பிறகு ஸ்டவுட்டும் பேல் ஏலைப் போலவே நடந்துகொள்கிறது: முதல் குவளை நுரை, பிறகு சீர். மூன்று மீட்டர் குழாயும் போட்டுவிட்டேன், உணரியையும் கெக்கில் ஒட்டிவிட்டேன். இப்போது எஞ்சியிருப்பது டவர். அதற்குள் விசிறி வைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்தலாம் என்றால், இந்த ஊர் ஈரப்பதத்தில் டவர் வியர்த்து, கீழேயுள்ள மரப்பலகை ஊறிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி: சிங்கப்பூரிலிருந்து, ஏர்கான் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்

அச்சம் நியாயமானது. நம் ஊரில் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரியை ஒட்டி இருக்கும்; அதற்குக் கீழே குளிரும் எந்த மேற்பரப்பும் வியர்க்கும். எனவே டவருக்குள் குளிர் இருக்க வேண்டும், டவரின் உலோகச் சுவருக்கு அது எட்டக்கூடாது. ஏர்கான் செப்புக் குழாய்களின் மேல் நாங்கள் போடும் கறுப்பு நுரைக் காப்பையே, டவரின் உள்விட்டத்திற்குப் பொருந்தும் அளவில் வாங்கி, உட்சுவரை ஒட்டி நுழைத்துவிடுங்கள். அதன் நடுவே பீர்க் குழாய்கள் இரண்டும், 25 மில்லிமீட்டர் காற்றுக் குழாய் ஒன்றும் போகட்டும். பெட்டியின் அடியில் 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றை ஒரு சிறிய டப்பாவில் அடைத்து, அதிலிருந்து காற்றுக் குழாயை டவரின் உச்சி வரை கொண்டுசெல்லுங்கள். குழாயின் வாய் டேப்பின் பின்புறத்தை ஒட்டி நிற்க வேண்டும். மேலே போன காற்று குழாய்களைச் சுற்றி இறங்கிப் பெட்டிக்கே திரும்பும்; அடிக்கும் மேலுக்கும் இருந்த 5 டிகிரி வேறுபாடும் அதனால் சுருங்கும். விசிறி எப்போதும் ஓடட்டும், மிஞ்சினால் சில வாட் மின்சாரம்தான்.

டவர் பெட்டியோடு சேரும் விளிம்பைச் சிலிக்கானால் முழுவதும் அடையுங்கள். அங்கே ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, துளையைச் சுற்றியுள்ள நுரைக் காப்பில் நீராகத் தேங்கும். ஊறிய காப்பு பிறகு குளிரைத் தாங்காது. டேப்பின் முகப்பு மட்டும் வியர்க்கத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. அதன் கீழே தட்டு ஒன்றை வைத்து, மரத்தின்மேல் நீர் புகாத பூச்சு அடித்துவிடுங்கள்.

கேட்டவர்

விசிறியும் காப்பும் பொருத்தியாகிவிட்டது. முதல் குவளை இப்போது 7 டிகிரியில் வருகிறது. இரண்டு விரல் உயரத்திற்கு மேல் நுரை நிற்பதில்லை. மேல்போத்தலுக்கும் கீழ்ப்போத்தலுக்கும் ஒரு டிகிரி வேறுபாடுதான். டவரின் சுவர் உலர்ந்தே இருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது: சிலிண்டரின் உயர் அழுத்த முள், உள்ளே வைத்த நாளிலேயே வெகுவாக இறங்கிவிட்டது. வாயு கசிகிறதா?

மறுமொழி: மெல்பர்னிலிருந்து

கசிவாக இருக்க வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும் வரை, முள் காட்டுவது வெப்பநிலையை மட்டுமே. 30 டிகிரியில் 72 பார் காட்டிய அதே சிலிண்டர், 4 டிகிரியில் 39 பார்தான் காட்டும். எடை போட்டுக் குறித்துவையுங்கள். நீங்கள் பீர் பிடிக்காத நாள்களிலும் எடை குறைந்துகொண்டே போனால்தான் சோப்பு நீரை எடுக்க வேண்டும்.