தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து திருச்செந்தூர்க் கடற்கரைக்கும் மணப்பாட்டுக்கும் செல்ல எது நல்ல வழி?

கேள்வி – பாளையங்கோட்டை

வணக்கம். என் அக்காவும் அத்தானும் வரும் கார்த்திகை மாதத்தில் பெங்களூரிலிருந்து விமானத்தில் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருமுன் இரண்டு நாள் திருச்செந்தூர்க் கடற்கரையை ஒட்டித் தங்கி, மணப்பாட்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அத்தானுக்கு முழங்கால் வலி இருப்பதால் பெட்டிகளோடு பேருந்து மாறி ஏறுவது இயலாது. மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கினால் விமானங்கள் அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கே இறங்குவது நல்லது? வண்டியை முன்கூட்டியே பேசிவிட வேண்டுமா?

மறுமொழி – திருச்செந்தூர்

அண்ணாச்சி, தூத்துக்குடியிலேயே இறங்கச் சொல்லுங்கள். வாகைக்குளத்திலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 40 முதல் 50 கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் வரும், திருவனந்தபுரமும் அதற்கு அதிகம் குறையாது. 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகு வயதானவர்களுக்கு இடவசதியும் நன்றாக இருக்கிறது.

வண்டியை முன்கூட்டியே பேசிவிடுவதுதான் நல்லது. சென்ற ஆண்டு என் மாமியாரை அழைத்துவர இறங்கிய இடத்திலேயே ஒரு வண்டியைப் பிடித்தோம். பாதி வழி வந்தபின், காலி வண்டி திரும்புவதற்கான வாடகையும் பேட்டாவும் தனி என்று ஓட்டுநர் சொன்னார். மாமியார் பதற்றத்தில் கைப்பையைத் திறந்து நோட்டுகளை எண்ணத் தொடங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே திரும்பும் வாடகை, பேட்டா, சுங்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பௌர்ணமியை ஒட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவு கடற்கரை மணலில் படுத்துத் தங்குவதற்கென்றே கூட்டம் வருவதால், அறை கிடைப்பதும் ஊருக்குள் வண்டி நுழைவதும் கடினம்.

மறுமொழி – ஏரல்

மேலே சொன்னதோடு வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பேசி வரைபடம் பெரும்பாலும் புதுக்கோட்டை, சாயர்புரம், ஏரல், குரும்பூர் வழியைக் காட்டும். தூரம் குறைவு, பகலில் வாழைத் தோட்டங்களுக்கு இடையே போவது இனிமையாகவும் இருக்கும். ஆனால் ஊர்களுக்குள் சாலை குறுகலானது. இருட்டிய பிறகு வருவதானால் தூத்துக்குடிப் பக்கம் சென்று, முக்காணியில் தாமிரபரணியைக் கடந்து, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாக வருவதே மேல்.

கார்த்திகை என்பதால் மழையையும் கருத வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கிக்கொண்டதும், எங்கள் ஊர் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்காதீர்கள்.

மறுமொழி – உடன்குடி

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தைத் தாண்டி இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மணல் குன்றின் மேல் உள்ள திருச்சிலுவை ஆலயம்வரை அத்தானால் ஏற முடியாவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம். கீழே கழிமுகத்தின் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்க, குன்றுக்கு அந்தப் புறம் அலை அடிக்கும் ஓசை கேட்கும். அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும். கடலில் இறங்குவதானால் மீனவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் இறங்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பகல் விமானத்திலேயே சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டேன். பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் வருகிறார்கள்; வண்டியை இங்கிருந்தே பேசி, நானே வாகைக்குளம் சென்று அழைத்துப் போகிறேன்.