சாயத்தின் இராமன் கோடுகளைத் தேடியபோது

ரோடமின் 6ஜி சாயத்தின் எத்தனால் கரைசலில் 532 நானோமீட்டர் பச்சை லேசரைக் கொண்டு இராமன் நிறமாலை (மூலக்கூறின் அதிர்வால் அலைநீளம் மாறிச் சிதறும் ஒளியின் பதிவு) எடுக்க முயன்றதுதான் நான் முதலில் பட்ட பாடு. கருவியைச் சரிபார்க்க வைத்த சிலிக்கான் துண்டின் கோடு 520.7 செ.மீ.⁻¹ (லேசரிலிருந்து கோடு விலகி நிற்கும் அளவு) என்ற தன் இடத்தில் சரியாக நின்றதால், கருவியின் மீது எனக்கு ஐயமே எழவில்லை. கரைசலை வைத்ததும் குவெட்டு என்னும் கண்ணாடிக் கலத்துக்குள் லேசர் சென்ற பாதை முழுவதும் மஞ்சளாகச் சுடர்விட்டது. திரையிலோ பெரிய மேடு ஒன்று எழுந்ததே தவிர, கோடு ஒன்றும் தெரியவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், 1,650 செ.மீ.⁻¹ கோடு ஏறத்தாழ 583 நானோமீட்டரில் விழ வேண்டும். சாயத்தின் ஒளிர்வு பரவிக் கிடப்பதும் அதே பகுதியில்தான்.

785 நானோமீட்டர் லேசருக்கு மாறியதும் மேடு மறைந்தது. கோடுகளும் வந்தன, ஆனால் 880 செ.மீ.⁻¹ அருகே ஓங்கி நின்றது எத்தனாலின் கோடு என்று அறிய அரை நாள் பிடித்தது. சாயம் உட்கவரும் அலைநீளத்தை விட்டு விலகினால் இராமன் ஒளியை வலுவாக்கும் ஒத்ததிர்வுப் பெருக்கமும் போய்விடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது வெள்ளி நுண்துகள்கள் மிதக்கும் நீர்மமான வெள்ளிக் கூழ்மம். வெள்ளித் துகளில் ஒட்டிய மூலக்கூறின் கிளர்ச்சி ஆற்றல் ஒளியாக வெளிவருமுன் உலோகத்துக்குள் வடிந்துவிடுவதால் ஒளிர்வு அடங்க, 612, 1,363, 1,650 கோடுகள் மிக நீர்த்த கரைசலிலேயே தெளிவாக எழுந்தன.

—

முன்னவருடையது சாயம்; என் அனுபவம், ஒளியை உட்கவர்ந்து ஆற்றல் மிகுந்த மூலக்கூறின் கிளர்நிலையைப் பற்றியது. டிரான்ஸ்-ஸ்டில்பீன் என்னும் கரிமச் சேர்மத்தைப் புறஊதாத் துடிப்பால் கிளர்த்தி, சில பிக்கோநொடிகள் (நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோநொடி) தாமதித்து இரண்டாம் துடிப்பை அனுப்பினால், கிளர்ச்சியற்ற அடிநிலையில் 1,640 செ.மீ.⁻¹ அருகே இருக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்பின் கோடு 1,570 செ.மீ.⁻¹ அருகே தோன்றும்; கிளர்ச்சியில் அந்தப் பிணைப்பு தளர்வதே காரணம். ஒரு நாள் அந்தக் கோடு சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே போனது. இரு துடிப்புகளும் மாதிரியில் ஒரே புள்ளியில் விழவில்லையோ என்று கண்ணாடிகளைத் திருகித் திருகி மாலை வரை போராடினேன். பிறகுதான் கரைசலைச் சுழலவிடும் பம்புக் குழாயில் காற்றுக் குமிழி அடைத்திருந்ததைக் கண்டேன். தேங்கி நின்ற கரைசலில் லேசர் பட்ட மூலக்கூறுகள் டிரான்ஸ் வடிவத்திலிருந்து, தொகுதிகள் ஒரே பக்கம் நிற்கும் சிஸ் வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. இப்போதெல்லாம் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் குழாயைத்தான் பார்க்கிறேன்.

—

முதலில் எழுதியவருக்கு ஒரு சொல்: கூழ்மத்தில் சாயம் உலோகத்தில் ஒட்டிய நிலையில்தான் காட்சி தருகிறது. கரைசலில் உள்ளபடியே பார்க்க விரும்பியதால், நாங்கள் காலத்தைக் கொண்டு ஒளிர்வைப் பிரித்தோம். இராமன் ஒளி லேசர்த் துடிப்புடனேயே வந்து முடிந்துவிடுகிறது. ரோடமினின் ஒளிர்வோ சுமார் 4 நானோநொடி (4,000 பிக்கோநொடி) ஆயுள் கொண்டது. கார்பன் டைசல்பைடு நிரப்பிய, லேசர்த் துடிப்பால் கண நேரம் திறக்கும் ஒளிக்கதவான கெர் வாயிலைச் சில பிக்கோநொடிகள் மட்டும் திறந்து மூடியபோது மேட்டின் பெரும்பகுதி வெளியே நின்றுவிட்டது. வாயிலுக்கு வேண்டிய, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கிகளில் இராமன் ஒளியிலும் கணிசமான பங்கு இழந்துபோனதால், ஒவ்வொரு நிறமாலைக்கும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.