சாவி இல்லாமல் வந்த வண்டி

(எங்கள் குடும்பச் செய்திக் குழுவில் எழுதிக்கொண்டவை)

சனிக்கிழமை

நான் (காலை 7.12): அப்பாவின் நண்பர் கொடுத்த மோட்டார் சைக்கிள் நேற்றிரவு வந்து சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் கொட்டகையில் ஒரே இடத்தில் நின்ற வண்டி. வீடு மாறியபோது சாவி தொலைந்துவிட்டதாம். ஹேண்டில் இடப்பக்கம் பூட்டிக் கிடப்பதால் தள்ளினால் வட்டமடிக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சக்கரம் வைத்த பலகையில் ஏற்றித்தான் உள்ளே கொண்டுவந்தோம். இன்று ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவரைச் சாவித் துளையில் வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

சித்தப்பா (7.13): சுத்தியலைக் கீழே வை.

அக்கா (7.15): சித்தப்பா ஒரே நிமிடத்தில் பதில் எழுதி நான் பார்த்ததே இல்லை.

சித்தப்பா (7.31): அந்தப் பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் தலைமுடி போன்ற சிறிய ஸ்பிரிங் இருக்கிறது. சாவியின் பற்கள் அந்தத் தகடுகளைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை திரும்பும். அதாவது, தொலைந்த சாவியின் அளவு முழுவதும் அந்தப் பூட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. நீ சுத்தியலால் அடித்தால் அதைத்தான் அழிப்பாய். பிறகு எஞ்சின் பூட்டு, டேங்க் மூடி, பக்கவாட்டு மூடி என எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டியிருக்கும். பழைய வண்டிக்கு அந்த மூன்றும் ஒரே தொகுப்பாகக் கிடைப்பது அரிது.

நான் (7.36): அப்படியானால் பூட்டைத் தொடாமல் ஒயரை இணைத்து எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்க்கலாமா?

சித்தப்பா (7.44): ஒயரை இணைத்தால் ஹேண்டில் விடுபடுமா, டேங்க் மூடி திறக்குமா? ஃபியூஸைத் தாண்டித் தவறான இரண்டு ஒயர்களைச் சேர்த்துவிட்டால் வண்டியின் ஒயரிங் முழுவதும் கருகும். மேலும் ஒன்பது ஆண்டுகள் ஓடாத எஞ்சினை உடனே ஓட்டிப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

பெரியப்பா (8.02): நீங்கள் இருவரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சாவி இல்லாத வண்டி என்று கேட்டாலே எவரும் முதலில் சந்தேகப்படத்தான் செய்வார்கள். பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது? அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்களோடு பொருந்துகின்றனவா? இதைப் பார்க்காமல் ஒரு திருகையும் கழற்றாதே, தம்பி. குரல் பதிவு அனுப்பாமல் எழுத்திலேயே அனுப்பு. பிறகு எடுத்துப் படிக்கத் தேவைப்படும்.

நான் (9.40): சான்றிதழ் அப்பாவின் நண்பர் பெயரில்தான் இருக்கிறது, பெரியப்பா. ஹேண்டிலுக்குக் கீழே, சேசிஸ் எண் இருக்கும் கழுத்துப் பகுதியில் சேறு கல்லாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்துத் துடைத்தேன். ஓர் இலக்கம் மூன்றா எட்டா என்று விளங்காததால், அதன்மேல் சாக்கட்டியைத் தேய்த்துத் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது, எட்டுதான். இரண்டு எண்களும் சான்றிதழோடு பொருந்துகின்றன.

பெரியப்பா (9.52): நல்லது. பெயர் மாற்றத்துக்கான கையெழுத்துகளை அவரிடம் இந்த வாரமே வாங்கிவிடு. எண்களின் புகைப்படத்தையும் இந்தக் குழுவில் போடாமல் உன்னிடமே வைத்துக்கொள்.

சித்தப்பா (10.05): அண்ணா சொன்னதுதான் சரி. சாவி செய்பவரும் அந்தச் சான்றிதழைக் கேட்பார். கேட்காதவரிடம் நீ போகவே கூடாது. இன்று பூட்டுக்குள் துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டுவிட்டு, நாளை மீண்டும் விடு. தகடுகள் துருவில் ஒட்டியிருந்தால், சரியான சாவியைப் போட்டாலும் திரும்பாது. சாவி தவறு என்று நினைத்து முறுக்கி, அதையும் பூட்டுக்குள்ளேயே உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தை (10.20): மண்ணெண்ணெய் வாசம் மாடி வரை வருகிறது என்று உன் அம்மா இப்போதுதான் தொலைபேசியில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 8.30): பூட்டிலிருந்து காப்பித்தூள் போன்ற துரு எண்ணெயோடு கசிந்து இறங்குகிறது. இதற்கிடையில் கிக்கரை அழுத்திப் பார்த்தேன். கல்லைப் போல அசையாமல் நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சித்தப்பா (8.41): கிக்கர்மேல் ஏறி மிதிக்காதே, உள்ளே அதன் பற்சக்கரம் உடைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கக்கூடும். முதலில் ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றிவிட்டுப் பிளக்கைக் கழற்று. இல்லாவிட்டால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். பிறகு துளை வழியாக இரண்டு கரண்டி துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடு. அதன்பின் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மேல் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசை.

அக்கா (8.55): டேங்கில் பழைய பெட்ரோல் இருக்கிறதா? மூடியும் பூட்டித்தானே இருக்கும்?

நான் (11.18): இருந்தது. டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் குழாயின் இரண்டு திருகுகளைத் திறந்த வெளியில் வைத்துத் தளர்த்தி, வாளியில் வடித்துவிட்டேன். பெட்ரோல் வாசமே இல்லை. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போன்ற நெடி. நிறமும் செங்கல் கரைத்த தண்ணீர்தான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. டயரில் 4813 என்று பதிந்திருக்கிறது.

சித்தப்பா (11.30): 2013ஆம் ஆண்டின் 48ஆவது வாரத்தில் செய்த டயர். மேலே உள்ள வரிப்பள்ளங்கள் தேய்ந்திருக்காது; ஆனால் ரப்பர் மரக்கட்டை போல இறுகியிருக்கும். காற்றடித்து மனத்தைத் தேற்றிக்கொள்ளாமல் மாற்றிவிடு.

புதன்கிழமை

நான் (மாலை 6.47): பின்சக்கரத்தை அசைத்துக்கொண்டே இருந்தபோது, ஏறத்தாழ இருபதாவது அசைவில் உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது, பிறகு எஞ்சின் சுழன்றது. பழைய ஆயிலை வடித்தேன். கறுப்பாக இருந்தது, பால் போல வெளுத்திருக்கவில்லை.

சித்தப்பா (6.52): அப்படியானால் தண்ணீர் புகவில்லை. இதுவே பெரிய செய்தி.

சனிக்கிழமை

நான் (பிற்பகல் 1.25): சாவி செய்பவர் வீட்டுக்கே வந்தார், சான்றிதழைப் பார்த்த பிறகே பெட்டியைத் திறந்தார். பூட்டின் உடலில் பொறித்திருந்த எண்ணைப் பல் தேய்க்கும் தூரிகையால் துலக்கிப் பார்த்தோம். பாதியைத் துரு தின்றுவிட்டது. ஆகவே பல் வெட்டாத ஒரு பித்தளைச் சாவியைத் துளைக்குள் விட்டு, லேசாகத் திருகி வெளியே எடுத்து, தகடுகள் உரசிய தடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அந்த இடங்களில் மட்டும் அரத்தால் ஓர் இழை, இரண்டு இழை என்று ராவினார். இப்படி முப்பது முறையாவது உள்ளே விட்டு எடுத்திருப்பார். கடைசியில் சாவி எந்தச் சத்தமும் இல்லாமல் திரும்பியது. ஹேண்டில் தானாக நேரே வந்தது.

அக்கா (1.31): டேங்க் மூடி?

நான் (1.33): அதே சாவியில் திறந்தது. சில வண்டிகளில் டேங்க் மூடிக்குத் தகடுகள் குறைவாக இருக்கும் என்பதால், அதை வைத்துச் செய்த சாவி எஞ்சின் பூட்டைத் திறக்காமல் போகலாமாம். அதனால்தான் எஞ்சின் பூட்டிலிருந்தே தொடங்கினார்.

சித்தப்பா (1.50): திறமையானவர். இனி டேங்கில் வெந்நீரோடு சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, ஓர் இரவு வைத்து, கொட்டிய பின் சோடா உப்புத் தண்ணீரால் அலசு. அலசிய கையோடு உலர்த்தி, உள்சுவரெங்கும் எண்ணெய் படும்படி சுழற்று. சற்றுத் தாமதித்தாலும் வெளுத்த இரும்பில் மீண்டும் துரு பூக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் மிகச் சிறிய துளை உள்ள ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். ஒளி தெரியவில்லை என்றால் மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து நுழை. எஃகுக் கம்பி துளையையே பெரிதாக்கிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை

நான் (மாலை 5.38): புதிய பேட்டரி, புதிய பிளக், புதிய ஆயில். சாவியைத் திருப்பியதும் நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தது. ஏழாவது உதையில் எஞ்சின் பிடித்தது! சிலிண்டரில் மிச்சமிருந்த எண்ணெய் எரிந்து, கொட்டகை முழுவதும் வெள்ளைப் புகை. சைலன்சரிலிருந்து ஒரு குளவி மண்ணுருண்டை சுவர் வரை பறந்து விழுந்தது.

பெரியப்பா (5.45): மகிழ்ச்சி. பிரேக் ஷூவும் டயரும் மாற்றும் வரை வாசல் தாண்டக் கூடாது.

சித்தப்பா (5.49): உடனே இன்னொரு சாவி வெட்டி அண்ணாவிடம் கொடுத்து வை.

அத்தை (5.52): இப்போது சாவி எங்கே இருக்கிறது?

நான் (5.53): வண்டியிலேயே விட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன், அத்தை. இதோ இறங்குகிறேன்.