கடலோர வெளிச்சத்தில் செமான்டிக் தீம்: அனுபவப் பகிர்வு
(ராமநாதபுரம் கடலோரத்தின் ஐந்து ஊர்களிலிருந்து ஆளுக்கொரு பகுதியாகச் சொன்னவை)

மண்டபம்
விஎஸ் கோடு (VS Code) என்ற நிரல் எடிட்டருக்குத் தீம், அதாவது நிறத் தொகுப்பு, எழுதுகிறவர்கள் முதலில் ஒவ்வொரு டோக்கனுக்கும் (நிரலில் வரும் சொல் அல்லது குறி) ஒரு நிறம் தேடுவார்கள். அது தேவையில்லை. ஃபைலைத் திறந்ததும் டெக்ஸ்ட்மேட் இலக்கணம் என்ற விதித் தொகுப்பு ரெகெக்ஸை (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) வைத்து வரிவரியாக நிறம் பூசிவிடும். நிரலின் பொருளைப் புரிந்துகொள்ளும் லாங்குவேஜ் சர்வர் ப்ராஜெக்டைப் படித்து முடித்த பிறகுதான் அது தரும் செமான்டிக் டோக்கன்கள் அதன் மேல் வந்து விழும். முன்னது நீலம், பின்னது ஆரஞ்சு என்று வைத்தால் பெரிய ப்ராஜெக்டில் திரை கண்முன்னே நிறம் மாறும். நிறத்தின் சாயலை அப்படியே விட்டு, வெளிச்ச அளவை மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

புது நிறம் கொடுக்க வேண்டியது, சர்வருக்கு மட்டுமே உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு. ஃபங்ஷன் நடுவில் வரும் பெயர் பாராமீட்டரா, லோக்கல் வேரியபிளா? இம்போர்ட் செய்தது கிளாஸா, ஃபங்ஷனா? ரீட்ஒன்லியா, அதாவது மதிப்பை மாற்ற முடியாததா? டெப்ரிகேட் ஆகிவிட்டதா, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதா? இவை போதும். விதி எழுதாத வகைகளை எடிட்டரே பொருத்தமான டெக்ஸ்ட்மேட் ஸ்கோப்புக்கு (அந்த இலக்கணம் தரும் வகைப் பெயர்) திருப்பிவிடும்.

தொண்டி
தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீம் ஃபைலில் செமான்டிக் ஹைலைட்டிங்கை 'ட்ரூ' என்று வைக்காவிட்டால், வழக்கமான செட்டிங்கில் எந்த விதியும் எடுபடாது.

அடுத்தது ஃபான்ட்ஸ்டைல், எழுத்தின் தோற்றத்தைச் சொல்லும் பகுதி. ரீட்ஒன்லிக்கு 'ஃபான்ட்ஸ்டைல்: இட்டாலிக்' என்று எழுதினால், மற்ற விதிகள் கொடுத்த போல்டு, அடிக்கோடு எல்லாம் அழிந்துவிடும். 'இட்டாலிக்: ட்ரூ' என்று தனியாக எழுதினால் அது மட்டும் கூடுதலாகச் சேரும். டெப்ரிகேட்டுக்கும் நிறத்தைத் தொடாமல் 'ஸ்ட்ரைக்த்ரூ: ட்ரூ' மட்டும் போடுங்கள், எல்லா வகைக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியோடு. கிளாஸோ மெத்தடோ, தன் நிறத்திலேயே கோடு விழும்.

எந்த விதி ஜெயித்தது என்று தெரியாவிட்டால் கமாண்ட் பேலட்டில் (கட்டளைப் பட்டியல்) 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்' திறந்து, கர்சரை அந்தப் பெயர் மேல் வையுங்கள். செமான்டிக் வகை, மாடிஃபையர் (ரீட்ஒன்லி போன்ற கூடுதல் குறி), பொருந்திய விதி மூன்றும் தெரியும். ஹைலைட்டிங்கை 'ட்ரூ' என்று வைத்தும் செமான்டிக் பகுதியே வரவில்லை என்றால் சர்வர் இன்னும் படித்து முடிக்கவில்லை, அல்லது அந்த மொழியின் சர்வர் டோக்கன் தருவதில்லை. தீமைக் குறை சொல்லாதீர்கள்.

வாலிநோக்கம்
நம்ம பக்கம் உப்பளத்து வெள்ளையும் கடல் வெளிச்சமும் ஜன்னல் வழியாகத் திரையில் விழும். இருட்டறையில் தேர்ந்தெடுத்த டார்க் தீம் பகல் பதினொரு மணிக்கு நிற்காது. இதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) சூத்திரம் எளிது. இரண்டு நிறங்களின் லூமினன்ஸோடும் (ஒளிர்வு அளவு) 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். அந்த 0.05 திரையில் சிதறும் வெளிச்சத்துக்கானது. அதை 0.15 ஆக்கிப் பாருங்கள். #202020 என்ற கருஞ்சாம்பல் பின்னணியில் #909090 என்ற சாம்பல் நிறக் கமென்ட் (நிரலுக்குள் எழுதும் குறிப்பு) 5.1-லிருந்து 2.6-க்கு இறங்கும். வெள்ளைப் பின்னணியில் #666666 கமென்ட் 5.7-லிருந்து 4.1 தான். சாதாரண எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5 வேண்டும். டார்க் தீமில் மங்கலான எழுத்துதான் முதலில் போகும். டார்க் தீம்தான் வேண்டும் என்பவர்கள் கமென்ட்டையே 7-க்கு மேல் வையுங்கள். பகலுக்கு ஒரு லைட் தீமும் சேர்த்தே வெளியிடுங்கள். பாதி நாள் அதுதான் ஓடும்.

கீழக்கரை
அண்ணன் கணக்கு சரி. நிறம் தேர்ந்தெடுக்க, நிறத்தைச் சாயல், செறிவு, லைட்னஸ் என்று பிரிக்கும் எச்எஸ்எல் முறையை நம்பாதீர்கள். அதில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் லைட்னஸ் ஒன்றே, 50 சதவீதம். கறுப்புப் பின்னணியில் மஞ்சளின் கான்ட்ராஸ்ட் 19.6, நீலத்துக்கோ 2.4. பியார்ன் ஓட்டோசன் 2020-ல் வெளியிட்ட ஓகேலேப் என்ற நிற அளவுமுறை கண் உணரும் வெளிச்சத்துக்கு நெருக்கமானது. அதன் எல் (வெளிச்ச) மதிப்பை ஒரே அளவில் நிறுத்தி சாயலை நகர்த்தினால் எந்த டோக்கனும் தனியாகக் கத்தாது. சிவப்பு-பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பி எதையும் பிரிக்க வேண்டாம். ஆண்களில் பலருக்கு அந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

தேவிபட்டினம்
தமிழில் கமென்ட் எழுதுகிறவர்களுக்கு: கமென்ட்டை இட்டாலிக் ஆக்கும் வழக்கத்தை விடுங்கள். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்டுகளுக்கு இட்டாலிக் கிடையாது. எடிட்டர் எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்கும். 'ண', 'ணை' போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று இடிக்கும். கான்ட்ராஸ்ட் குறைந்தால் முதலில் மறைவது புள்ளி. 'கல்' என்று எழுதியது 'கல' என்று தெரியும். தீமைச் சோதிக்கும் ஃபைலில் 'க்ஷ', 'ணௌ', 'ஸ்ரீ', நாலைந்து மெய்யெழுத்து வரும் ஒரு தமிழ் வரியைக் கட்டாயம் வையுங்கள். அதை 13 பிக்சல் அளவில் ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்துப் பாருங்கள்.