வாக்கியத்தின் கடைசியில் குரல் தேய்வது ஏன்? உதரவிதானம் காற்றை வெளியே தள்ளுமா?

வாசிப்பறை (கேள்வி)

மைக் இல்லாத கூடத்தில் அறிக்கையோ உரையோ வாசிக்கும்போது, நீண்ட வாக்கியத்தின் கடைசி இரண்டு சொல்லில் குரல் தேய்ந்து கரகரக்கிறது. கழுத்தும் இறுகுகிறது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் மூன்று: ‘வயிற்றிலிருந்து பேசு’, ‘உதரவிதானத்தால் தள்ளு’, ‘நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்’. ஆனால் உதரவிதானம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை உள்ளே இழுக்கும் தசை என்றுதானே உடலியலில் படிக்கிறோம்? அப்படியென்றால் வெளியே தள்ளுவது எது? நெஞ்சு நிறைய இழுத்தும் ஏன் தாங்குவதில்லை?

மூச்சியல்

நீங்கள் படித்ததுதான் சரி. உதரவிதானம் சுருங்கினால் கீழே இறங்கும். சும்மா இருக்கும்போது 1 முதல் 2 செ.மீ., ஆழமாக இழுத்தால் அதைவிடப் பல மடங்கு. நெஞ்சறை விரிந்து உள்ளழுத்தம் குறைய, காற்று தானாக உள்ளே வரும். அந்தத் தசையால் எதையும் வெளியே தள்ள முடியாது. ‘உதரவிதானத்தால் தள்ளு’ என்று சொல்பவர்கள் உண்மையில் வயிற்றுச் சுவர்த் தசைகளைத்தான் சொல்கிறார்கள்.

அமைதியான மூச்சில் வெளியேற்றத்துக்குத் தசையே தேவையில்லை. விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கும். பேச்சில் கணக்கு மாறுகிறது. சும்மா இருக்கையில் ஒரு மூச்சின் நேரத்தில் சுமார் 40 சதவீதம் உள்ளே, 60 சதவீதம் வெளியே. பேசும்போது உள்ளே இழுக்கப் பத்து சதவீதம்தான் கிடைக்கும். மீதி முழுதும் வெளியேற்றம். அந்த நேரம் முழுக்கக் குரல்நாண்களுக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. நீர் அழுத்தம் (அத்தனை செ.மீ. உயர நீர் தரும் அழுத்தம்) சீராக இருக்க வேண்டும். கூடினால் குரல் வெடிக்கும், குறைந்தால் தேயும்.

இப்போது ‘நெஞ்சு நிறைய’ யோசனைக்கு வருவோம். முழுக்க நிரப்பிய நுரையீரலும் விலாக்கூடும் தாமாகச் சுருங்கும் விசை மட்டுமே 30 செ.மீ.க்கு மேல் அழுத்தம் தரும். பேச்சுக்கு வேண்டியதோ 10-க்குள். மிச்சத்தை அடக்க, மூச்சை உள்ளிழுக்கும் விலாவிடைத் தசைகள் ‘பிரேக்’ பிடித்தபடியே இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர் அந்த வேலையைத் தொண்டையிடம் கொடுத்துவிடுகிறார்: குரல்நாண்களை இறுக்கி மூடிக் காற்றைத் தடுக்கிறார். கழுத்து இறுகுவது அதனால்தான். தோளைத் தூக்கி இழுக்கும் பழக்கமும் சேர்ந்தால் கழுத்துத் தசைகள் முதல் சொல்லுக்கு முன்பே விறைத்துவிடும்.

அளவைப் பாருங்கள். பேச்சில் நொடிக்குச் சுமார் 150 மி.லி. காற்று போகிறது. ஐந்து நொடி வாக்கியத்துக்கு 750 மி.லி. அமைதியான ஒரு மூச்சே 500 மி.லி. இருக்கும். ஆக, வழக்கமான மூச்சைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு போதும்.

தேய்வது எங்கே என்றால், சாதாரணமாக மூச்சை விட்டபின் நுரையீரலில் காற்று வந்து நிற்கும் மட்டத்துக்குக் கீழே போய்ப் பேசும்போது. அங்கே நுரையீரல் தரும் இலவச விசை தீர்ந்துவிடுகிறது. வயிற்றுத் தசைகள் பிழிந்துதான் அழுத்தம் தர வேண்டும். அந்த மட்டத்தைத் தொடுமுன் நிறுத்தி மூச்சு வாங்குவதே தீர்வு.

குரல்பயிற்சி

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். வாசிப்பவர்களுக்கு நடைமுறையில் இரண்டு விஷயம்.

ஒன்று, அழுத்தத்தைச் சோதிப்பது. உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்புங்கள். ஸ்ட்ராவின் நுனியிலிருந்து 5 செ.மீ. அளந்து பேனாவால் கோடு போட்டு, கோடு நீர்மட்டத்தோடு ஒட்டும்படி பிடியுங்கள். குமிழி வர வேண்டுமென்றால் உங்கள் மூச்சு 5 செ.மீ. அழுத்தம் தந்தாக வேண்டும். ஐந்து நொடி விடாமல், ஒரே வேகத்தில் குமிழி வந்தால் சாதாரணப் பேச்சுக்கான மூச்சு இருக்கிறது என்று கொள்ளலாம். கன்னம் உப்பக்கூடாது, உப்பினால் அழுத்தத்தைத் தருவது வாய், நெஞ்சு அல்ல. முதல் நொடியில் கொப்பளித்துப் பிறகு அடங்கினால் தொடக்கத்திலேயே காற்றைக் கொட்டிவிடுகிறீர்கள்.

இரண்டு, மூச்சு வாங்கும் இடம். தமிழில் இது மற்றதைவிட முக்கியம், ஏனென்றால் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘நடைபெறும்’, ‘நடைபெறாது’ இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி அசையில்தான். அங்கே குரல் தேய்ந்தால் கேட்பவருக்குப் பொருளே மாறிவிடும். தாளில் இப்படிக் கோடு போடுங்கள்:

மழை நீடித்தாலும் / நாளை நடைபெறவிருக்கும் தேர்வுகள் / எக்காரணம் கொண்டும் தள்ளிவைக்கப்பட மாட்டா.

‘நீடித்தாலும்’ போன்ற எச்சத்துக்குப் பின் மூச்சு வாங்கலாம். ‘நடைபெறவிருக்கும்’ என்ற பெயரெச்சத்தையும் ‘தேர்வுகள்’ என்பதையும் பிரிக்கக்கூடாது. மூச்சு தீராவிட்டாலும் கடைசிக் கோட்டில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.

செவ்வழி

மூச்சை மூக்கால்தான் இழுக்க வேண்டும் என்கிறார்களே, வாசிக்கும்போது முடியுமா? படுத்துக்கொண்டு வயிற்றில் புத்தகம் வைத்துப் பழகுவதில் பயன் உண்டா?

குரல்பயிற்சி

தொடங்குமுன் மூக்கால் இழுங்கள். நடுவில் கிடைப்பது அரை நொடி. அதற்குள் மூக்கால் போதிய காற்று வராது, உறிஞ்சும் சத்தமும் கேட்கும். வாய் சற்றுத் திறந்திருக்க, வயிற்றைத் தளரவிட்டாலே காற்று இறங்கிவிடும்.

படுத்துப் பழகினால் வயிறு எழுந்து தாழ்வது தெரியும், அவ்வளவுதான். படுத்த நிலையில் வயிற்று உறுப்புகளே உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் தசைகளின் வேலை வேறு. நிற்கும்போது பேச, நின்றே பழக வேண்டும்.

மூச்சியல்

ஒன்று சேர்க்கிறேன். ஆழமாக இழுத்து ‘ஆ’ என்று ஒரே சீராகச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் பெரும்பாலோர் 15 நொடிக்குக் குறையாமல் தாங்குவார்கள். மூன்று முறை முயன்றும் 10 நொடி எட்டாமல், குரலில் காற்றுச் சத்தமும் கலந்தால், குரல்நாண்கள் சரியாக மூடாமல் காற்று ஒழுகக்கூடும். மூச்சுப் பயிற்சி அதைச் சரிசெய்யாது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டுங்கள். சாதாரண உரையாடலிலேயே ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு இரைத்தால் அது குரல் பிரச்சினை அல்ல. ஆஸ்துமாவில் அது கடுமையின் அறிகுறி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.