தாச்சாவுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள்

ரஷ்யாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியில் கூட வேலை பார்க்கும் யாராவது, "மே விடுமுறைக்கு எங்கள் தாச்சாவுக்கு வா" என்பார்கள். தாச்சா என்பது ஊருக்கு வெளியே இருக்கும் சின்னத் தோட்ட வீடு. இதை நம் ஆட்கள் பங்களா என்று நினைத்துக்கொண்டு விருந்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

முதலில் அந்தச் சொல். 'தயவு' என்ற சொல்லில் வரும் தகரத்தை வைத்துச் சொல்லுங்கள், டகரம் வேண்டாம். ரஷ்ய மொழியில் 'தாத்' என்றால் கொடுப்பது. அதிலிருந்து பிறந்ததுதான் தாச்சா, கொடுக்கப்பட்டது. சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த 'தானம்' என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். ஜார் மன்னர்கள் தங்கள் பிரபுக்களுக்குக் கொடுத்த நிலம் அப்போது. சோவியத் காலத்தில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் ஊழியர்களுக்குத் துண்டு துண்டாக நிலம் பிரித்துக் கொடுத்தன. வழக்கமான அளவு 6 சோத்கா, அதாவது 600 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட். அதில் சின்னதாக ஒரு மரவீடு, மீதி இடமெல்லாம் உருளைக்கிழங்கு, வெள்ளரி, சோம்புக்கீரை மாதிரி வாசம் வரும் உக்ரோப்.

"கடையில்தான் உருளைக்கிழங்கு மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் இவ்வளவு பாடு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1990களில் பல மாதம் சம்பளம் வராமல் இருந்தபோது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தோட்டம். பெரியவர்கள் அதை மறக்கவில்லை.

சரி, என்ன கொண்டுபோவது? அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற பழைய துணி, வீட்டுக்குள் போட ஒரு செருப்பு, கனமான ஒரு ஸ்வெட்டர். மே மாத ராத்திரி நன்றாகவே குளிரும். வீட்டு அம்மாவுக்குப் பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை இங்கே சாவு வீட்டுக்கு. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஷஷ்லிக், அதாவது கம்பியில் கோத்துத் தணலில் சுடும் கறி, பெரும்பாலும் பன்றிக்கறிதான், ஆனால் அதே தணலில் கத்தரிக்காயும் காளானும் சந்தோஷமாகச் சுட்டுத் தருவார்கள்.

உண்ணி விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். புல்லில் நடக்கும்போது பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் உடம்பு முழுக்கப் பாருங்கள். உரால், சைபீரியா பக்கம் இருப்பவர்கள் உண்ணிவழி மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஒரே ஊசியில் முடிகிற காரியமில்லை அது.

போனால் சும்மா உட்காராதீர்கள். மண்வெட்டியை வாங்கி இரண்டு பாத்தி கொத்திக் கொடுங்கள். அலுவலகத்தில் ஒரு வருஷம் பழகினாலும் வராத நெருக்கம் அந்த ஒரு மத்தியானத்தில் வரும், நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறு மாலை எலெக்த்ரீச்கா என்கிற புறநகர் மின்சார ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது, அதனால் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள். கிளம்பும்போது உப்பில் ஊறிய வெள்ளரிக்காயோ பழ ஜாமோ ஒரு கண்ணாடி ஜாடியில் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்புறம், காலி ஜாடியைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள், ஆகஸ்டில் அடுத்த ஊறுகாய்க்கு அது வேண்டும்.